கேள்வி வாரம்

நுழையும் முன்

மாணவர்களே! பெங்களூரு, புனே, மும்பை, கொல்கத்தா, தில்லி, ஐதராபாத் என நீங்கள் வாழும் நகரம் எதுவாயினும், அங்கே நெடிய மதிற்சுவர் சூழ்ந்த ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றேனும் இருக்கும். பள்ளிப் பேருந்தில் நாள்தோறும் அதனைக் கடந்து செல்வீர்கள். வாயிலில் காவலர் நிற்பார். உள்ளே மரங்கள் தெரியும். அங்கே என்ன நடக்கிறது என்பது தெரியாது. ஆண்டின் சில நாள்களில் அவ்வாயில் எல்லார்க்கும் திறக்கப்படுகிறது. அந்நாள்கள் எவ்வாறு தோன்றின, அங்கே சென்றால் என்ன செய்யலாம் என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

வாயில் திறக்கும் நாள்கள்

ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1987ஆம் ஆண்டு முதல் இவ்வழக்கம் உள்ளது. அந்நாளை ஒட்டிய வாரத்தில் நாடெங்கும் உள்ள ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் பொதுச் சொற்பொழிவுகள், செய்முறை விளக்கங்கள், கண்காட்சிகள், வினாடி வினாப் போட்டிகள் ஆகியவற்றை நடத்துகின்றன. பெரும்பாலும் கட்டணம் இல்லை. சில இடங்களில் முன்பதிவு செய்ய வேண்டும்.

பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தை எடுத்துக்கொள்வோம். ஜாம்ஷெட்ஜி டாட்டா என்னும் தொழிலதிபர் எண்ணிய நிறுவனம் அது. அவர் 1904ஆம் ஆண்டு மறைந்தார். கழகம் 1909ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் வழங்கியது. 1911ஆம் ஆண்டு முதல் மாணவர்கள் சேர்ந்தனர். நகர மக்கள் இன்றும் அதனை 'டாட்டா இன்ஸ்டிட்யூட்' என்றே வழங்குகின்றனர். இக்கழகம் ஆண்டுக்கு ஒருமுறை, பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ ஒரு சனிக்கிழமையன்று, தன் ஆய்வுக்கூடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கிறது. பெற்றோர் கையைப் பற்றிய சிறுவர் முதல் ஓய்வுபெற்ற முதியோர் வரை திரளாக வருகின்றனர். விமான மாதிரிகளின்மேல் காற்றை விரைந்து செலுத்திச் சோதிக்கும் கூடத்தை அவர்கள் காண்கின்றனர். அங்கே விளக்கம் தருபவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர்கள். இரவு பகலாகத் தாம் செய்யும் வேலையை ஐந்து நிமிடத்தில் ஒரு சிறுமிக்குப் புரியவைக்க வேண்டிய கடமை அன்று அவர்களுக்கு வாய்க்கிறது. அஃது எளிய கடமையன்று.

திரவ நைட்ரஜனைக் காட்டும் இடத்தில் எப்போதும் கூட்டம் மிகுதி. அதன் கொதிநிலை சுழியத்திற்குக் கீழே 196 பாகை செல்சியஸ். அதில் தோய்த்து எடுத்த மலரைத் தட்டினால் கண்ணாடிபோல் நொறுங்குகிறது. ரப்பர்ப் பந்து தரையில் விழுந்து உடைகிறது. வெண்புகை எழும்போது சிறுவர் ஆரவாரம் செய்கின்றனர். ஆரவாரம் செய்வதில் தவறில்லை. ஆனால் புகை அடங்கியபின், 'ரப்பர் ஏன் உடைந்தது?' என்று நின்று வினவுவோர் சிலரே. இயல்பான வெப்பநிலையில் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகள் அசைந்து நெளிய இயலும். ஆதலால் அது வளைகிறது. கடுங்குளிரில் அவ்வசைவு அடங்கிவிடுகிறது. வளைய இயலாத பொருள் உடைகிறது. இவ்விடையைக் கேட்டுவிட்டு வருபவர் வேடிக்கையோடு வேறொன்றையும் வீட்டிற்குக் கொண்டுவருகிறார்.

புனே நகருக்கு வடக்கே நாராயண்காவ் அருகில், கோடத் என்னும் சிற்றூரில் மாபெரும் வானலைத் தொலைநோக்கி உள்ளது. ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுடைய 30 கிண்ணங்கள் வயல்வெளிகளுக்கிடையே நிற்கின்றன. அறிவியல் நாளில் அந்நிலையம் திறக்கப்படும்போது, சுற்றுவட்டாரக் கிராமப் பள்ளிகளின் மாணவர்கள் தாமே செய்த கருவிகளைக் கொண்டுவந்து காட்சிக்கு வைக்கின்றனர். அங்கே பார்வையாளரும் ஒருவகையில் விருந்தோம்புவோர் ஆகின்றனர்.

மும்பையில் வாழும் மாணவர்கள் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. கொலாபாவில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 2009ஆம் ஆண்டு முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் 'சாய் அண்ட் ஒய்' என்னும் பொது உரை நிகழ்ச்சியை நடத்தி வந்துள்ளனர். 'தேநீரும் ஏன் என்ற கேள்வியும்' என்று அதனைத் தமிழில் கூறலாம். சுகூவில் ஒரு நாடக அரங்கிலும், நம்மவர் பலர் வாழும் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியிலும் அது நடைபெற்று வந்துள்ளது. ஆய்வாளர் ஊருக்குள் வந்து பேசுகிறார். கேட்போர் தேநீர்க் கோப்பையுடன் அமர்ந்து குறுக்கே கேள்வி கேட்கின்றனர்.

பெர்லினில் ஒரு குளிர்காலம்

பல்கலைக்கழகம் என்றால் பாடம் நடத்தும் இடம் என்று நாம் எண்ணுகிறோம். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் என்பது, முன்பே அறிந்ததைக் கற்பிப்பதோடு, இதுவரை எவரும் அறியாததைத் தேடுவதையும் தன் தொழிலாகக் கொண்டது. இக்கருத்தை முன்னிறுத்தி எழுந்தவற்றுள் புகழ்பெற்றது, 1810ஆம் ஆண்டு செருமனி நாட்டின் பெர்லின் நகரில் தொடங்கிய பல்கலைக்கழகம். அதனை நிறுவுவதில் முதன்மையாக நின்றவர் வில்கெல்ம் வான் ஹம்போல்ட்.

அவருடைய தம்பி அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் தென்னமெரிக்காவின் காடுகளிலும் மலைகளிலும் அலைந்து திரிந்து ஆய்வு செய்தவர். அவர் 1827ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் அப்பல்கலைக்கழகத்தில் உலகின் இயற்கையமைப்பைப் பற்றித் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றத் தொடங்கினார். கேட்க விரும்பியோர் பெருகினர். ஆதலால் அதே குளிர்காலத்தில், நகரத்து இசைமன்றம் ஒன்றின் பேரரங்கில் பொதுமக்களுக்கெனத் தனியே 16 சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். நுழைவுக் கட்டணம் இல்லை. அரசரும் வந்தார், கைவினைஞரும் வந்தனர். பெண்கள் பெருந்தொகையினராக வந்தமர்ந்து குறிப்பெடுத்தனர்.

பெண்கள் வந்தமை ஏன் குறிப்பிடத் தக்கது? அக்காலத்தில் அப்பல்கலைக்கழகத்தில் பெண்கள் மாணவராகச் சேர இயலாது. பிரஷ்ய நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெண்களை முறையாகச் சேர்த்துக்கொண்டது 1908ஆம் ஆண்டில்தான். அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, வகுப்பறை அடைத்த கதவைப் பொதுச் சொற்பொழிவு ஒரு குளிர்காலத்திற்குத் திறந்து வைத்தது. அச்சொற்பொழிவுகளிலிருந்து வளர்ந்ததே 'காஸ்மாஸ்' என்னும் அவரது பெருநூல்.

பௌபஜார்த் தெருவில் ஒரு பெயர்ப்பலகை

இனி நம் நாட்டிற்கு வருவோம். கொல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் வாழ்ந்தார். இந்தியர் அறிவியலைக் கேட்டறியவும், பின்னர்த் தாமே ஆராயவும் ஓர் இடம் வேண்டும் என்பது அவர் எண்ணம். அரசு நடத்தும் நிறுவனமாக அன்றி, மக்கள் தரும் நன்கொடையால் இயங்கும் நிறுவனமாக அது அமைய வேண்டும் என்று விரும்பி ஊரெங்கும் பொருள் திரட்டினார். 1876ஆம் ஆண்டு பௌபஜார்த் தெருவில் இந்திய அறிவியல் வளர்ப்புச் சங்கம் தோன்றியது. அங்கே பொதுச் சொற்பொழிவுகள் நடைபெற்றன. தூய சேவியர் கல்லூரியின் லாஃபோன் பாதிரியார் கருவிகளைக் கொண்டு செய்துகாட்டிப் பேசினார். சர்க்காரும் பேசினார்.

ஆனால் முழுநேரமும் ஆராய்ச்சி செய்ய முன்வருவோர் கிடைக்கவில்லை. போதிய பொருளும் சேரவில்லை. 1904ஆம் ஆண்டு மறைந்தபோது, தம் முயற்சி பயன் தரவில்லை என்ற வருத்தம் சர்க்காருக்கு இருந்தது. அரங்கும் கருவிகளும் மட்டும் காத்துக் கிடந்தன.

மூன்றாண்டுகள் கழிந்தன. 1907ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் பிறந்த இளைஞர் ஒருவர் நிதித்துறை அதிகாரியாகக் கொல்கத்தாவிற்கு வந்தார். பதினெட்டு வயது. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். பிழைப்பிற்காகப் பிறமொழி பேசும் ஊருக்குப் புலம்பெயர்ந்த தமிழர் என்ற வகையில் உங்கள் பெற்றோர்க்கு அவர் முன்னோடி எனலாம். டிராம் வண்டியில் செல்லும்போது அச்சங்கத்தின் பெயர்ப்பலகையைக் கண்டார். இறங்கிச் சென்று கதவைத் தட்டினார். அவரே சந்திரசேகர வேங்கட ராமன். அதன்பின் அலுவலகம் செல்வதற்கு முன்னும், அலுவலகம் முடிந்த பின்னும் அங்கே ஆராய்ச்சி செய்தார். 1917ஆம் ஆண்டு ஊதியம் மிகுந்த அரசுப் பணியைத் துறந்து கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஆராய்ச்சிக்கூடம் மட்டும் பௌபஜார்த் தெருவிலேயே இருந்தது.

சர்க்கார் கட்டிய அரங்கில் கேட்க ஆளில்லாத நாள்கள் இருந்திருக்கலாம். ஆனால் அக்கட்டடம் அங்கே இல்லாதிருந்தால், டிராமில் சென்ற இளைஞர் எங்கே இறங்கியிருப்பார்?

ஒரு கண்டுபிடிப்பும் ஒரு சொற்பொழிவும்

1921ஆம் ஆண்டு ராமன் கப்பலில் ஐரோப்பா சென்று திரும்பினார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைச் சிந்திக்க வைத்தது. வானத்தின் நீலம் கடல்நீரில் தெரிகிறது என்பதே அன்று பலரும் ஏற்ற விளக்கம். ராமன் சிறு படிகக் கருவி ஒன்றின் துணையால் நீர்ப்பரப்பில் பட்டு மீளும் ஒளியை விலக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று முடிவு செய்தார்.

ஒளிச்சிதறல் என்பதைச் சற்று விளக்குவோம். சூரிய ஒளியில் பல நிறங்கள் கலந்துள்ளன. ஒவ்வொரு நிறத்திற்கும் ஓர் அலைநீளம் உண்டு. சிவப்பிற்கு நீண்டது, நீலத்திற்குக் குறுகியது. காற்றின் மூலக்கூறுகள் குறுகிய அலைகளை மிகுதியாகச் சிதறடிக்கின்றன. கணக்கிட்டால், நீல ஒளி சிவப்பு ஒளியைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு சிதறுகிறது. ஆகவே வானில் எத்திசை நோக்கினும் சிதறி வரும் நீலமே நம் கண்ணை அடைகிறது. மாலையில் சூரிய ஒளி காற்றினூடே நெடுந்தொலைவு கடந்து வருவதால், வழியிலேயே நீலம் பெரும்பாலும் சிதறிப் போக, எஞ்சிய செம்மை நமக்குத் தெரிகிறது.

இங்கே கூர்ந்து படிக்கும் மாணவர் ஒருவர் எழுந்து, 'ஊதாவின் அலைநீளம் நீலத்தினும் குறுகியதாயிற்றே! வானம் ஏன் ஊதாவாக இல்லை?' என்று கேட்கலாம். மிக நல்ல கேள்வி. சூரிய ஒளியில் ஊதாவின் பங்கு குறைவு. நம் கண் ஊதாவைவிட நீலத்தை நன்கு உணர்கிறது. வானத்தின் நிறத்தை வானமும் கண்ணும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

சிதறிய ஒளியின் நிறம் மாறுவதில்லை என்பதே அதுகாறும் இருந்த கொள்கை. ராமனும், விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் பல திரவங்களில் ஒளியைச் செலுத்தி ஆராய்ந்தனர். சிதறும் ஒளியில் மிக மிகச் சிறு பங்கு தன் நிறத்தை மாற்றிக்கொள்வதைக் கண்டனர். எவ்வளவு மாறுகிறது என்பது அப்பொருளின் மூலக்கூற்றைப் பொறுத்தது. ஆகவே ஒளியைக் கொண்டே ஒரு பொருள் இன்னது என்று அடையாளம் காண வழி பிறந்தது. 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அவ்விளைவு தெளிவாகக் காணப்பட்டது. 1930ஆம் ஆண்டு ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பிப்ரவரி 28ஆம் நாளை அனைவரும் நினைவில் வைத்துள்ளனர். அதன்பின் பதினேழாம் நாளைப் பலரும் மறந்துவிட்டனர். மார்ச் 16ஆம் நாள் ராமன் பெங்களூருவில், சென்ட்ரல் கல்லூரியில் கூடிய அறிவியல் சங்கத்தார் முன்னிலையில், 'ஒரு புதிய கதிர்வீச்சு' என்னும் பொருள்பற்றித் தம் கண்டுபிடிப்பை விரிவாக எடுத்துரைத்தார். அவ்வுரையே அச்சாகி உலக அறிஞர்களுக்குச் சென்றது. கண்டதைப் பிறர்முன் வைத்து, அவர்கள் ஐயங்களுக்கு விடையளிக்கும்வரை ஒரு கண்டுபிடிப்பு முழுமை பெறுவதில்லை.

பேசுவதில் ராமனுக்குப் பெருவிருப்பம். 1948ஆம் ஆண்டு பெங்களூருவில் தாம் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தில் காந்தியடிகளின் பிறந்தநாளன்று பொதுச் சொற்பொழிவு ஆற்றுவதை வழக்கமாக்கிக்கொண்டார். 1968ஆம் ஆண்டு டிசம்பரில் விக்ரம் சாராபாய் அழைக்க, அகமதாபாத்தில் மாணவர்களுக்கான அறிவியல் மையத்தின் தொடக்கவிழாவில் பேசினார். அன்று அவர் எடுத்துக்கொண்ட பொருள், 'வானம் ஏன் நீலமாக உள்ளது?' என்பதே. அப்போது அவருக்கு வயது எண்பது. நாற்பதாண்டுகளுக்கு முன்பு தமக்குப் பெரும்புகழ் தந்த ஆய்வை விரித்துரைக்காமல், தலையை உயர்த்தினால் எவரும் காணக்கூடிய ஒன்றைக் கேள்வியாக்கிச் சிறுவர்முன் வைத்தார்.

அடைபட்ட கதவுகள்

திறந்த கதவுகளை மட்டும் சொல்லி முடித்தால் இப்பாடம் பாதி உண்மையே ஆகும்.

1933ஆம் ஆண்டு ராமன் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவரே. அதே ஆண்டு கமலா பாகவத் என்னும் மாணவி பம்பாயில் பட்டம் பெற்று, சிறந்த மதிப்பெண்களுடன் அக்கழகத்தில் சேர விண்ணப்பித்தார். பெண் என்னும் காரணத்தால் ராமன் இடம் தர மறுத்தார். கமலா ஊருக்குத் திரும்பிவிடவில்லை. காந்தியடிகளின் வழியில் சத்தியாக்கிரகம் செய்யத் துணிந்து, மறுப்பிற்குக் காரணம் கேட்டு நின்றார். முடிவில் ஓராண்டு தகுதிகாண் காலம் உள்ளிட்ட நிபந்தனைகளுடன் இடம் கிடைத்தது. ஆண் மாணவர் எவர்க்கும் விதிக்கப்படாத நிபந்தனைகள் அவை. அவருடைய உழைப்பைக் கண்ட ராமன் பின்னர்ப் பெண்களைச் சேர்த்துக்கொள்ள இசைந்தார். கமலா 1939ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார்; திருமணத்திற்குப்பின் கமலா சோகோனி எனப் பெயர் பெற்றார். பனையினத்து மரங்களிலிருந்து இறக்கும் நீரா என்னும் பதநீரின் ஊட்டச்சத்தை ஆராய்ந்தார்.

சில ஆண்டுகள் கழித்து, பீர்மேட்டில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மாணி, ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வைரங்களின் ஒளியியல்பை நெடுநேரம் விழித்திருந்து ஆராய்ந்து, ஆய்வேட்டையும் எழுதி முடித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணம் கூறி அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் வானிலை ஆய்வுத்துறைக்குச் சென்றார். அதுவரை வெளிநாடுகளிலிருந்து வாங்கிய வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே செய்வதற்கு வழிவகுத்தார். இன்று நாம் கேட்கும் மழை முன்னறிவிப்பிற்குப் பின்னால் அவருடைய உழைப்பும் இருக்கிறது.

ராமனின் பெருமையையும் இச்செய்திகளையும் சேர்த்தே அறிந்துகொள்வது முறை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது அறிவியலாரின் இயல்புக்கு ஒவ்வாது. அடுத்த முறை ஒரு நிறுவனத்தின் திறந்த நாளில் மாணவியர் வரிசையாக உள்ளே செல்வதைக் காணும்போது, அவ்வரிசைக்கு முன்னால் தனியே நின்ற ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள் என்னும் சொல்

தமிழில் 'கேள்' என்னும் வினையடிக்கு இருபொருள் உண்டு. பிறர் கூறுவதைச் செவியால் கொள்வதும் கேட்டல், வினவுவதும் கேட்டல். திருக்குறளின் 42ஆம் அதிகாரத்திற்குக் 'கேள்வி' என்று பெயர். அங்கே அச்சொல் கற்றறிந்தோர் கூறக் கேட்டறிதல் என்னும் பொருளில் வருகிறது. இன்றைய வழக்கில் கேள்வி என்றால் வினா. இந்தியிலும் ஆங்கிலத்திலும் இவ்விரண்டிற்கும் வேறுவேறு சொற்கள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஒரு பொதுச் சொற்பொழிவில் முதல் நாற்பது நிமிடம் பழைய பொருளில் கேட்கிறோம். இறுதிப் பதினைந்து நிமிடம் புதிய பொருளில் கேட்கிறோம். முன்னதைச் செய்யாதவர்க்குப் பின்னது கைகூடாது.

எவ்வாறு கேட்பது? சிறு குறிப்பேடு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். எல்லாவற்றையும் எழுத முயலாதீர்கள். எழுதுகின்ற கை கேட்கின்ற செவியை அடைத்துவிடும். புரியாத சொற்களை மட்டும் ஒலித்தவாறே தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சாளர் 'ஏன் என்று இன்னும் தெரியவில்லை' என்று கூறும் இடங்களில் ஒரு கோடிடுங்கள். நாளைய ஆராய்ச்சி தொடங்கும் இடங்கள் அவை.

அவையில் எழுந்து கேட்கக் கூச்சமாக இருக்கிறதா? புனே நகரில் வானியல் ஆய்வு மையத்தை நிறுவிய ஜயந்த் நார்லிகர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். சொற்பொழிவு முடிந்ததும் கையொப்பம் கேட்டுச் சிறுவர் சூழ்ந்துகொள்வர். அவர் அங்கே கையொப்பம் இடுவதில்லை. அறிவியல் கேள்வி ஒன்றை அஞ்சலட்டையில் எழுதி அனுப்புமாறு கூறுவார். விடை எழுதிக் கீழே தம் கையொப்பமிட்டு அனுப்புவார். கேள்வி கேட்ட குழந்தைக்கு இரண்டும் கிடைத்தன.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். இச்சொற்பொழிவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நிகழும். சில இடங்களில் கன்னடத்திலோ மராத்தியிலோ வங்காளத்திலோ இந்தியிலோ நிகழும். தமிழில் நிகழ்வது நீங்கள் வாழும் ஊர்களில் அரிது. ஆனால் கேட்டுவந்ததை வீட்டில் தமிழில் கூறுவதை எவரும் தடுப்பதில்லை. பாட்டியிடம் 'லைட் ஸ்கேட்டர் ஆகுது' என்றால் அவர் தலையசைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார். 'வெளிச்சம் மோதிச் சிதறுது பாட்டி, கடுகு தாளிக்கும்போது நாலாபுறமும் தெறிக்குமே, அதுபோல' என்றால், 'எதன்மேல் மோதுது?' என்று கேட்பார். வழக்கறிஞராக இருந்துகொண்டே பல்லாண்டுகள் அறிவியலைத் தமிழில் எழுதிய பெ. நா. அப்புசுவாமி செய்ததும் இத்தகைய பணியே. கடினமான சொல்லுக்குத் தமிழ் தேடும்போது, அப்பொருள் நமக்கு உண்மையில் விளங்கியதா என்பதும் வெளிப்பட்டுவிடும்.

சொற்பொருள்

மதிற்சுவர் – சுற்றுச்சுவர்
விருந்தோம்புதல் – விருந்தினரை வரவேற்றுப் பேணுதல்
அதுகாறும் – அதுவரையில்
தகுதிகாண் காலம் – தகுதியைச் சோதித்து அறியும் காலம்
வினையடி – வினைச்சொல்லின் அடிப்படைப் பகுதி
கைகூடுதல் – நிறைவேறுதல்

பயிற்சி

1. 'கேள்' என்னும் வினையடி இருபொருளில் வருமாறு இரண்டு தொடர்கள் அமைத்து எழுதுக.

2. பெர்லினில் நடந்த பொதுச் சொற்பொழிவுகளுக்குப் பெண்கள் திரளாக வந்தமைக்கும், கமலா பாகவத் இடம் கேட்டு நின்றமைக்கும் உள்ள தொடர்பை நான்கைந்து தொடர்களில் எழுதுக.

3. மகேந்திரலால் சர்க்காரின் முயற்சி வெற்றி பெற்றதா, தோல்வியுற்றதா? வகுப்பில் இரு பிரிவாகப் பிரிந்து உரையாடுக.

4. கண்ணாடிக் குவளையில் நீர் நிரப்பி, இரண்டு மூன்று துளி பால் கலந்து, இருட்டறையில் ஒரு பக்கத்திலிருந்து கைவிளக்கின் ஒளியைச் செலுத்துக. பக்கவாட்டில் இருந்து பார்க்கும்போதும், விளக்கிற்கு நேரெதிரே இருந்து பார்க்கும்போதும் தெரியும் நிறங்களைக் குறித்து, காரணத்தை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்குத் தமிழில் விளக்குக. அவர் கேட்ட கேள்விகளை எழுதி வருக.

5. உங்கள் நகரில் உள்ள ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று பொதுமக்களுக்குத் திறக்கப்படும் நாள் எது என்று விசாரித்து அறிக. அங்கே கேட்க விரும்பும் ஒரு கேள்வியை அஞ்சலட்டையில் எழுதுக.